ஞானஸ்நானத்துக்குப் பின் சீஷத்துவப் பயிற்சி: எவ்வாறு நடத்துவது?

கேள்வி (சபை மூப்பர்):
ஞாயிறு ஆராதனைக்கு நாற்காலி போதவில்லை. வேதபாடத்துக்கோ விரித்த பாய் பாதி காலியாகக் கிடக்கிறது. புதியவர்களைச் சீஷராக்க, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழப் பழக்க, முன்னோர் கையாண்ட முறை ஏதேனும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
ஐயாவுக்கு ஸ்தோத்திரம். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்னக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர்பெற்ற அசரியா, தெலுங்குக் கிராமங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, ‘சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ’ என்று சொல்லச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்களே அவர்களில் பெரும்பாலோர்; ஆயினும் சாட்சி சொல்லும் பொறுப்பைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார். நாமோ பல்லாண்டு சபையில் இருந்தவரையும் ஜெபிக்க அழைக்கத் தயங்குகிறோம்.

பதில் 2:
உண்மைதான் சகோதரரே, ஆனால் பொறுப்புக் கொடுத்தால் மட்டும் போதாது, வாரந்தோறும் விசாரிக்க ஆள் வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென முடிவாகி, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் வீடுவீடாக வசூலிக்கச் சென்றபோது, அவரவர் வாழ்க்கை நிலையும் தெரியவந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அந்த ஏற்பாட்டையே வகுப்புக் கூட்டமாக, அதாவது வாரந்தோறும் கூடி ஒவ்வொருவரின் ஆவிக்குரிய நிலையை விசாரிக்கும் சிறுகுழுவாக, வளர்த்தார். நம்மிடமும் சபையார் செலுத்தும் சங்கக் காணிக்கையை வாங்கச் செல்வோர் இருக்கிறார்கள். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

மூப்பர்:
நன்றி. காணிக்கை வாங்கச் செல்வோரை அடுத்த மாதம் முதல் உட்கார்ந்து பேசி, ஜெபித்துவிட்டு வரச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு எந்த நேரம் ஏற்றது?