எம்.எஸ்சி. பயன்பாட்டுக் கணிதத்துக்குப் பிறகு டேட்டா சயின்ஸ் மட்டும்தானா?

அணிக்கோவை கேட்டது:

எம்.எஸ்சி. பயன்பாட்டுக் கணிதம், கடைசி செமஸ்டர். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்முறைப் பகுப்பாய்வு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. பி.எஸ்சி.யில் புள்ளியியல் துணைப்பாடம். பைதான் வரும், எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் தேடும் மொழி) மேலோட்டமாகத் தெரியும்.

வேலைத் தளங்களில் தேடினால் எல்லாமே 'டேட்டா சயின்டிஸ்ட்' என்ற ஒரே பெயரில் வருகின்றன. உள்ளே படித்தால் ஒன்று எக்செல் அறிக்கை தயாரிக்கும் வேலை, ஒன்று மாடல் கட்டும் வேலை, இன்னொன்று சர்வர் பராமரிப்பு. இந்தப் படிப்புக்கு உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன? எதில் கணிதம் படித்தவருக்குப் பிடி அதிகம்? துறைக்குள் இருப்பவர்கள் தினசரி வேலை என்னவென்று சொன்னால் நல்லது. சம்பளப் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

வட்டிவிகிதம் எழுதியது:

பதவியின் பெயரை விட்டுவிடுங்கள். கணக்கு தப்பினால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று பாருங்கள். நட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் கணிதத்துக்கு மதிப்பு. அந்த வகையில் கிரெடிட் ரிஸ்க், அதாவது கடன் திரும்ப வராமல் போகும் இடரை அளக்கும் துறையை முதலில் சொல்வேன்.

வேலை இதுதான்: கடன் வாங்கியவர் அடுத்த 12 மாதத்துக்குள் 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி வைப்பாரா என்பதன் நிகழ்தகவைக் கணிக்க வேண்டும். பெரும்பாலும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன்தான் (ஆம், இல்லை என்ற விளைவின் நிகழ்தகவைக் கணிக்கும் புள்ளியியல் முறை). கணிதத்தின் கடினம் மாடலில் கிடையாது, தரவைக் கட்டுவதில் இருக்கிறது. ஒரு நோக்கு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றுவரை தெரிந்ததை மட்டுமே மாறிகளாக எடுக்க வேண்டும். அதற்குப் பிந்தைய 12 மாதம் விளைவைப் பார்க்க மட்டும். புதிதாக வருபவர்கள் தப்பு செய்வது இங்கேதான். 'வசூல் பிரிவு எத்தனை முறை அழைத்தது' என்ற மாறியைச் சேர்ப்பார்கள், மாடல் பிரமாதமாக வரும். ஆனால் அந்த அழைப்புகள் போனதே பாக்கி விழுந்த பிறகு. விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுவது போலத்தான் அது.

பிறகு ஒவ்வொரு மாறியையும் வகுப்புகளாகப் பிரித்து அதன் தகவல் மதிப்பை (நல்ல கடனையும் மோசமான கடனையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு) பார்ப்பார்கள். 0.02க்குக் கீழ் என்றால் பயனில்லை. 0.5க்கு மேல் போனால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் மேலே சொன்ன கசிவுதான். மாடலின் வரிசைப்படுத்தும் திறனை கினி எண்ணால் அளப்பார்கள் (ஆர்.ஓ.சி. வளைவின் கீழுள்ள பரப்பான ஏ.யு.சி.யை இரட்டித்து 1 கழித்தால் கினி). அமல்படுத்திய பிறகு மாதாமாதம் மதிப்பெண்களின் பரவல் நகர்ந்திருக்கிறதா என்று பி.எஸ்.ஐ. என்ற குறியீட்டால் பார்ப்பார்கள்: 0.1க்குள் இருந்தால் நிலை, 0.25ஐத் தாண்டினால் மாடலைத் திரும்பக் கட்ட யோசிக்க வேண்டும்.

கணிதம் படித்தவர் எங்கே வேறுபடுகிறார்? கினி நன்றாக இருந்தும் மாடல் தவறாக இருக்கலாம் என்பதைப் பிடிப்பதில். வரிசை சரி, அளவு தப்பு என்ற நிலை அது. எதிர்பார்க்கும் இழப்பு என்பது டிஃபால்ட் (தவணை தவறும்) நிகழ்தகவு, திரும்ப வராத பங்கு, நிலுவைத் தொகை மூன்றின் பெருக்கல். 10 லட்சம் ரூபாய் நிலுவை, அதில் 45 சதவீதம் திரும்ப வராது, நிகழ்தகவு 4 சதவீதம் என்றால் ஒதுக்கீடு 18,000 ரூபாய். உண்மை நிகழ்தகவு 6 சதவீதமாக இருந்தால் 27,000. கடன்தாரர்களின் வரிசை மாறவே இல்லை, கினி அப்படியே இருக்கும். ஆனால் இப்படி ஒரு லட்சம் கடன் இருந்தால் பள்ளம் 90 கோடி ரூபாய்.

இந்தியாவில் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரல் முதல் படிப்படியாக இண்ட் ஏ.எஸ். 109 கணக்கியல் முறைக்கு மாறின. எதிர்பார்க்கும் இழப்பைக் கணக்கிடுவது அங்கே கட்டாயம். மாடலைக் கட்டும் குழு ஒன்று, அதைச் சோதிக்கும் வேலிடேஷன் குழு வேறு. பயன்பாட்டுக் கணிதக்காரர்களுக்கு வேலிடேஷன் குழு நல்ல நுழைவாயில், பலர் அதைத் தேடுவதே இல்லை. வேலைத் தளத்தில் 'மாடல் வேலிடேஷன்', 'மாடல் ரிஸ்க்' என்று தேடிப் பாருங்கள்.

ஆயுள்அட்டவணை எழுதியது:

மேலே உள்ளதில் மறுப்பில்லை. தேர்வு எழுதிப் போகும் வழிகளைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கே தகுதி விதியைச் சரியாகப் படிக்காமல் ஒரு வருடம் போய்விடும்.

இந்தியப் புள்ளியியல் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, வயது 21 முதல் 30 வரை, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண், நேர்காணல் 200. ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100, மீதி 800ம் புள்ளியியலின் நான்கு தாள்கள். முதல் இரண்டு கொள்குறி வகை, அடுத்த இரண்டு விரிவாக எழுத வேண்டியவை. கவனிக்க வேண்டியது தகுதி: இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது முதுநிலைப் பட்டமே புள்ளியியலில் இருக்க வேண்டும். எம்.எஸ்சி. கணிதம் என்பது மட்டும் போதாது. உங்களுக்குப் பி.எஸ்சி.யில் துணைப்பாடமாக இருந்தது என்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலை எடுத்து அந்தத் தாளின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள், அந்த ஆண்டு அறிவிப்பின் வாசகத்தோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

அடுத்தது ஆக்சுவரி, அதாவது காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடரைக் கணக்கிடுபவர். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய ஆக்சுவரி நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத்தேர்வில் தேறி மாணவர் உறுப்பினராகச் சேர வேண்டும். பிறகு தாள் தாளாக எழுதிப் போகலாம். சி.எஸ்.1, சி.எஸ்.2 இரண்டும் புள்ளியியலும் இடர் மாடல்களும்: மார்க்கோவ் சங்கிலி, ஆயுள் பகுப்பாய்வு, காலத்தொடர். சி.எம்.1 வட்டிக் கணக்கும் ஆயுள் காப்பீட்டுக் கணக்கும், சி.எம்.2 நிதிப் பொறியியல். இவற்றில் 'ஏ' தாள் எழுத்து, 'பி' தாள் கணினியில். சி.எஸ். தாள்களுக்கு ஆர் மொழி, சி.எம். தாள்களுக்கு எக்செல். சூத்திரம் தெரிந்தும் 'பி' தாளில் விழுபவர்கள் உண்டு, அதனால் ஆர் பழக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு வீண் என்று நினைக்காதீர்கள். சி.எம்.2இல் வரும், பங்கு ஆப்ஷன்களுக்கு விலை கணிக்கும் பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றினால் கிடைப்பது நீங்கள் படித்த அதே வெப்பச் சமன்பாடு.

ஒரு எச்சரிக்கை. வேலையில் சேராமல் தாள்களாக முடித்துக்கொண்டே போவது நல்லதில்லை. அனுபவமில்லாமல் ஏழெட்டுத் தாள் முடித்தவரை எந்த நிலையில் எடுப்பது என்று நிறுவனங்கள் தயங்கும். இரண்டு மூன்று தாள் முடிந்ததும் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால், 2024 முதல் கேட் (முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான) தேர்வில் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்று டி.ஏ. என்ற தனித் தாள் வந்திருக்கிறது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், உகப்பாக்கம் உங்களிடம் இருக்கிறது. தரவுக் கட்டமைப்புகள், டேட்டாபேஸ், இயந்திரக் கற்றல், செயற்கை நுண்ணறிவு ஆகியவைதான் புதிதாகப் படிக்க வேண்டியவை. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

சிம்ப்ளெக்ஸ் எழுதியது:

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படித்தவரிடம் எல்லோரும் வங்கியையும் காப்பீட்டையும் சொல்வது வருத்தமாக இருக்கிறது. விமான ஊழியர் பணிப்பட்டியல், லாரிப் பயணத்தடம், எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு, ஆலையில் எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது: இவை அன்றாடம் முடிவெடுத்தாக வேண்டிய விஷயங்கள். முன்கணிப்பு மாடல் நாளை என்ன நடக்கும் என்று சொல்லும். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உகப்பாக்கம்தான் சொல்லும்.

பாடப் புத்தகத்துக்கும் வேலைக்கும் உள்ள தூரத்துக்கு ஓர் உதாரணம். கிடங்கைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு 0 அல்லது 1 மதிப்புள்ள மாறி வைக்கிறோம். 'மூடியிருந்தால் சரக்கு போகக்கூடாது' என்ற நிபந்தனையை எழுத ஒரு பெரிய எண்ணால் அதைப் பெருக்குகிறோம், வகுப்பில் 'பிக் எம்' என்று சொல்லியிருப்பார்கள். தைரியமாக 10 லட்சம் என்று போட்டுவிடுவார்கள். சால்வர் (இத்தகைய கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) முழு எண்ணைச் சோதிப்பது ஒரு சகிப்பளவோடு. குரோபி என்ற சால்வரில் இயல்பாக அது 0.00001. ஆகவே திறப்பு மாறி 0.00001 என்று வந்தாலும் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். 10 லட்சத்தால் பெருக்கினால் 10. மூடிய கிடங்கிலிருந்து 10 பெட்டி கிளம்பிவிடும், சால்வரும் 'உகந்த தீர்வு' என்றே அறிவிக்கும். அந்த எண்ணாகக் கிடங்கின் உண்மையான கொள்ளளவைப் போடுங்கள். 500 பெட்டி என்றால் 500. தப்பும் போகும், தேடலும் வேகமாக முடியும். இது ஏன் என்று சொல்லத் தெரிந்தவரை இன்டர்வியூவில் தனியாக அடையாளம் காண முடியும்.

இன்னொன்று. 'தீர்வே இல்லை' என்று சால்வர் சொல்லும் நாள் கட்டாயம் வரும். அப்போது நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டாம். ஒன்றோடொன்று முரண்படும் நிபந்தனைகளில் இனியும் குறைக்க முடியாத ஒரு தொகுப்பைக் கணக்கிடும் வசதி சால்வரிலேயே உண்டு. அல்லது ஒவ்வொரு நிபந்தனைக்கும் அபராதத்தோடு ஒரு தளர்வு மாறி சேர்த்து, எது உடைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தரவுப் பிழையாக இருக்கும்: ஒரு கடையின் தேவை கிலோவில், வண்டியின் கொள்ளளவு டன்னில்.

பழக இலவசக் கருவிகளே போதும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஹைஸ், கூகுளின் ஓ.ஆர். டூல்ஸ், மாடலைப் பைதானில் எழுதுவதற்குப் பையோமோ அல்லது பல்ப்.

எண்முறை எழுதியது:

எந்த வழியில் போனாலும் முதல் சுற்றில் கேட்கப்போவது எஸ்.க்யூ.எல். ஒரு வாடிக்கையாளருக்கு 3 பரிவர்த்தனை, 2 முகவரி இருந்து, மூன்று டேபிள்களையும் ஜாயின் செய்தால் 6 வரி வரும், தொகையைக் கூட்டினால் இரட்டிப்பாகும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணும் பழக்கம் இல்லாதவரின் அறிக்கையை யாரும் நம்ப முடியாது. விண்டோ ஃபங்ஷன்களையும் (வரிகளைச் சுருக்காமலே குழுவாரியாகக் கணக்கிடுபவை) நன்றாகப் பழகுங்கள்.

உங்கள் எண்முறைப் பகுப்பாய்வு எங்கே உதவும் என்றால், ரிக்ரஷனில். இரட்டைத் துல்லியத்தில் சுமார் 16 இலக்கம் இருக்கிறது. அணியின் நிலை எண் (சிறு பிழை எவ்வளவு பெருகும் என்ற அளவு) பத்தின் 5ஆம் அடுக்கு என்றால், நார்மல் சமன்பாடு வழியாகத் தீர்க்கும்போது அது வர்க்கமாகி 10ஆம் அடுக்காகிறது, 10 இலக்கம் வரை போய்விடலாம். க்யூ.ஆர். பிரிப்பில் அந்த இழப்பு இல்லை. வகை மாறியின் எல்லா வகுப்புக்கும் 0–1 நிரல் போட்டு, வெட்டுத்துண்டையும் வைத்தால் அணி நேர்மாறற்றதாகிவிடும், ஒரு நிரலை எடுக்க வேண்டும். குணகங்கள் ஏன் திடீரென்று லட்சக்கணக்கில் வருகின்றன என்று குழுவில் விழிக்கும்போது காரணம் சொல்லப்போவது நீங்கள்தான்.

அணிக்கோவை கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டேன், 'கணிதப் புள்ளியியல்' என்றே இருக்கிறது. கையில் மூன்று மாதம். ரெஸ்யூமேயில் போட ஒரே ஒரு புராஜெக்ட் என்றால் எதை எடுப்பது?

வட்டிவிகிதம் எழுதியது:

கடன் பக்கம் என்றால் அமெரிக்க லெண்டிங் கிளப் நிறுவனத்தின் பழைய கடன் தரவு பொதுவில் கிடைக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்கள். அவற்றில் மீட்ட தொகை, இதுவரை கட்டிய மொத்தம், கடைசியாகப் பார்த்த கிரெடிட் மதிப்பெண் எல்லாம் கடன் கொடுத்த பிறகு உண்டானவை, முதலில் அவற்றை நீக்குங்கள். 36 மாதக் கடன்களை மட்டும் எடுத்து, 2013இல் கொடுத்தவற்றில் பயிற்சி, 2014இல் கொடுத்தவற்றில் சோதனை. தரவு 2018 வரை இருப்பதால் இரண்டும் தவணைக்காலம் முடிந்தவை. 2017 கடன்களைச் சேர்க்காதீர்கள். அவற்றில் பல அப்போது ஓடிக்கொண்டிருந்தவை, முடிந்ததை மட்டும் எடுத்தால் சீக்கிரம் கட்டியவரும் சீக்கிரம் விழுந்தவரும் மட்டுமே மிஞ்சுவார்கள். கினியோடு நிறுத்தாமல், பத்துப் பங்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கணித்த சதவீதம், நடந்த சதவீதம் இரண்டையும் ஓர் அட்டவணையாகப் போடுங்கள்.

சிம்ப்ளெக்ஸ் எழுதியது:

உகப்பாக்கம் என்றால் 1987இல் வெளியான சாலமன் தொகுப்பு: 100 வாடிக்கையாளர், நேர வரம்போடு வண்டித்தடம். சி101 என்ற கணக்கின் அறியப்பட்ட சிறந்த விடை 10 வண்டி, தூரம் 828.94. ஓ.ஆர். டூல்ஸின் தடக் கருவி தூரத்தை முழு எண்ணாகவே கேட்கும். அப்படியே வெட்டிக் கொடுத்தால் 828ஐவிடக் குறைவாக வந்து, உலகச் சாதனை என்று தோன்றும். 1000ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிக் கொடுத்து, கிடைத்த தடத்தின் தூரத்தைப் பின்னத்தோடு திரும்பக் கூட்டுங்கள். தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்தோடு வெட்டுவோரின் கட்டுரைகளில் இதே கணக்கின் விடை 827.3 என்று இருக்கும். எந்த முறையில் அளந்தீர்கள் என்பதை ரெஸ்யூமேயிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.