விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகள்: பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா?

விமானத்தை ஓட்டப்போவது கையும் காலும்தானே, இத்தனை தாள்கள் எதற்கு என்று படிக்கிற காலத்தில் நானும் சலித்துக்கொண்டவள்தான். எனக்கு விடை கிடைத்தது 2,500 அடி உயரத்தில்.

உரிமம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். வெளியே 20 டிகிரி; முந்தைய நாள் மழையின் ஈரம் காற்றில் அப்படியே இருந்தது. இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நான் தொடவே இல்லை. ஆனால் நிமிடத்துக்கான இன்ஜின் சுற்று 2,300-இலிருந்து 2,200, பிறகு 2,100 என்று இறங்கிக்கொண்டே வந்தது, ஊசி நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக.

மாதிரித் தேர்வில் நான் தவறவிட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது: எரிபொருளைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பனி எப்போது உறையும்? கடுங்குளிரில்தான் என்று எழுதியிருந்தேன். உண்மை வேறு. எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்து வழியே காற்று பாயும்போதும் உள்ளே வெப்பநிலை 20, 30 டிகிரிகூடச் சரிந்துவிடும். இதமான, ஈரமான நாளில்தான் கவனம் அதிகம் தேவை.

கார்புரேட்டருக்குள் சூடான காற்றைத் திருப்பிவிடும் கார்ப் ஹீட் குமிழை முழுவதுமாக இழுத்தேன். சுற்று இன்னும் விழுந்தது. இன்ஜின் இருமியது, இருக்கை அதிர்ந்தது. குமிழை மறுபடி உள்ளே தள்ளக் கை துடித்தது. தள்ளவில்லை. உருகிய பனியை இன்ஜின் விழுங்குகிறது, முதலில் மோசமாகித்தான் பிறகு சீராகும் என்று படித்திருந்தேன். அரை நிமிடம் இருக்கலாம். அவ்வளவு நீளமான அரை நிமிடத்தை நான் கண்டதில்லை. பிறகு சத்தம் சீரானது, ஊசி மேலே ஏறியது.

எல்லாத் தாளும் இப்படிக் கைகொடுத்தது என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் வணிக உரிமத்துக்காகப் படித்த துருவப் பகுதி வழிசெலுத்தல் கணக்குகளைத் தேர்வோடு மறந்துவிட்டேன். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து எழுதிய ஒரு தாளில் 92 மதிப்பெண். அதில் ஒரு வரிகூட இன்று மனத்தில் இல்லை. அந்த உழைப்பு வீண்தான்.

மறுமொழி 1

எனக்குக் கைகொடுத்தது, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டும் உயரமானிக் கணக்கு. அன்றைய காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல், கருவியில் அதை வைக்க வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். நான் 1013 வைத்துவிட்டேன். மேகத்தின் அடிப்பகுதி எதிர்பார்த்ததைவிட உயரத்தில் தெரிந்ததும் உறுத்தியது. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி என்பது மண்டையில் ஏறியிருந்ததால் உடனே புரிந்தது: கருவி காட்டுவதைவிட 300 அடி கீழே இருக்கிறேன். அன்று தரையிறங்கும் இடத்தைச் சுற்றிலும் குன்றுகள்.

மறுமொழி 2

அலகு மாற்றக் கணக்குகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு 1983 ஜூலை 23-ஐ நினைவூட்டுகிறேன். கனடாவில் ஒரு போயிங் 767, எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜின்களும் நின்றுபோய், மிதந்தபடியே கிம்லியில் இறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8 ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77 ஆல் பெருக்கியிருந்தார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது. உயிரிழப்பு இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து எரிபொருள் சீட்டு கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைத்தான் பார்க்கிறேன்.