தொட்டியில் பனிக்கட்டி: உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

கடலூர் முதுநகர், எட்டாம் வகுப்பு ஆசிரியை:
பனி உருகினால் கடல்மட்டம் உயருமா என்று காட்டும் வழக்கமான இரண்டு தொட்டிச் சோதனைதான். இரண்டிலும் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டிருந்தோம். மிதக்கவிட்ட பனிக்கட்டி கரைந்தும் நீர் கோட்டிலேயே நின்றது. களிமண் மேட்டின்மேல் வைத்தது கரையக் கரைய நீர் கோட்டைத் தாண்டியது. அப்படி நிலத்தின்மேல் இருக்கும் கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் உயரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடலோரத் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, களிமண் சரிவில் தான் ஒட்டியிருந்த காகித வீடு நனைவதைக் கண்டு, அதைப் பிய்த்து மேலே வைத்தாள். “சுனாமிக்குப் பிறகு எங்கள் பாட்டி வீட்டை ஒரு முறை மாற்றிவிட்டார்கள், டீச்சர். இனி எங்கே வைப்பது?” என்றாள். சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, பனி உருகியதால் அன்று என்று விளக்கினேன். அவள் கேட்டது அதுவன்று என்பது மணி அடித்த பிறகே எனக்கு உறைத்தது.

புதுச்சேரி, அறிவியல் ஆசிரியர்:
கோடு அசையாது என்பது நன்னீருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். கடல்நீரில் மிதக்கும் ஒரு கிலோ பனி கரைந்தால், அது விலக்கியிருந்த நீரைவிட ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் கூடுதலாகும். நான் உப்புநீரிலும் நன்னீரிலும் மை கலந்த பனிக்கட்டிகளை இட்டேன். குல்ஃபி வண்டியில் பனிக்கட்டியோடு உப்புச் சேர்ப்பதைப் பார்த்த பிள்ளைகள் அனைவரும் உப்புநீரில்தான் முதலில் கரையும் என்றார்கள். நடந்தது நேர்மாறு. உருகிய குளிர்ந்த நன்னீர் அடர்ந்த உப்புநீரின்மேல் நீலப் படலமாகத் தங்கி, கட்டியைச் சுற்றிக் குளிரைக் காத்துநின்றது. ஒரு மாணவன் கடைசிவரை நம்பவில்லை. நீரைச் சுவைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டான்.

கடலூர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
நான் குடுவையில் சிவப்பு நீரைச் சூடாக்கி, அது மெல்லிய குழாயில் ஏறுவதைக் காட்டியவன். பனி உருகாமலேயே வெப்பத்தால் கடல் விரிகிறது என்பதை வேறு எவரும் செய்துகாட்டுவதில்லை என்ற குறை இன்றும் உண்டு. முதலில் எழுதிய ஆசிரியைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதைச் சேர்க்காமல் 7 மீட்டர் என்று மட்டும் சொன்னால், கடற்கரைப் பிள்ளை அஞ்சாமல் என்ன செய்யும்? 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அந்த அளவை அளவுகோலில் காட்டுங்கள். அதற்காக எல்லாக் கடலரிப்பையும் கடல்மட்ட உயர்வின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. புதுச்சேரிக் கடற்கரை மணலை இழந்ததற்குத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்தது முக்கியக் காரணம். களிமண்ணுக்குப் பதில் கருங்கல்லை வையுங்கள். களிமண் கரைந்து நீரைக் கலக்கினால் பின்வரிசைக்குக் கோடு தெரியாது.