ஸ்டட்புக்: பொலிப்பதிவேடா, கொடிவழிப் பதிவேடா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். டார்ஜிலிங் பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகையில் ‘ஸ்டட்புக்’ (studbook, ஒவ்வொரு விலங்கின் பிறப்பையும் பெற்றோரையும் பதியும் ஏடு) பத்திக்குப் பத்தி குறுக்கே வருகிறது. 1958இல் தொடங்கிய பூங்கா அது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பனிச்சிறுத்தை இனப்பெருக்கத் திட்டம் அங்கே 1983இல் தொடங்கியது, சிவப்புப் பாண்டாவுக்கு 1990களில். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை ஸ்டட்புக்கைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ‘இனப்பெருக்கப் புத்தகம்’ என்றால் பாடநூல் போல இருக்கிறது. பொலிகாளை, பொலியெருது என்ற வழக்கை வைத்துப் ‘பொலிப்பதிவேடு’ எனலாமா? ஆங்கிலச் சொல்லும் குதிரைப் பண்ணையிலிருந்து வந்ததுதான். பந்தயக் குதிரைகளின் ஸ்டட்புக் 1791இல் வெளியானது.

———

> பொலிகாளை, பொலியெருது என்ற வழக்கை வைத்துப் ‘பொலிப்பதிவேடு’ எனலாமா?

அழகான சொல்தான். ஆனால் வேலையைத் தலைகீழாகக் காட்டிவிடும். பொலிகாளை என்றால் பொறுக்கி எடுத்த ஒன்று. அதை ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் சேர்ப்பார்கள். உயிரியல் பூங்காவில் அப்படிச் செய்தால் திட்டமே கெட்டது. ஓர் ஆண் பாண்டாவுக்கு ஏற்கெனவே எட்டுக் குட்டிகள் இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். குட்டியே ஈனாத, உறவுக்காரர் குறைந்த பெண்ணுக்குத்தான் முதல் வாய்ப்பு. கூட்டத்தில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒரு விலங்குக்கு உள்ள உறவைக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். சராசரி குறைந்த விலங்கே மதிப்பு மிக்கது. அழகு, பருமன், சுறுசுறுப்பு எதற்கும் அங்கே மதிப்பெண் கிடையாது.

காட்டு விலங்குக்கென முதன்முதலில் வந்த ஸ்டட்புக் 1932இல், ஐரோப்பியக் காட்டெருமைக்கு. இன்றுள்ள அவை அத்தனையும் வெறும் 12 விலங்குகளின் வழிவந்தவை. அங்கே பொறுக்கி எடுக்க என்ன இருந்தது? இருந்ததைத் தொலைக்காமல் வைப்பதே பாடு.

———

சொல்லுக்கு முன் அந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு விலங்குக்கு ஒரு வரி. பதிவெண், பால், பிறந்த நாள், தந்தையின் எண், தாயின் எண், பிறந்த பூங்கா, மாறிய பூங்காக்களும் நாட்களும், ஒவ்வொரு பூங்காவிலும் அதற்கு இட்ட உள்ளூர் எண், மைக்ரோசிப்பின் 15 இலக்கம், இறந்த நாள், காரணம். செல்லப்பெயர் இருக்கலாம், ஆனால் அதை நம்பக் கூடாது. ஒரே பெயர் இரண்டு பூங்காக்களில் இருக்கும். இடம் மாறும்போது உள்ளூர் எண்ணும் மாறுவதால் ஒரே விலங்கு இரண்டு வரியாக ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பிறந்த அன்றே இறந்த குட்டிக்கும் வரி வேண்டும். அதை விட்டால் எந்த இணைக்குக் குட்டி தங்குவதில்லை என்பதே தெரியாமல் போகும்.

பெரிய ஓட்டை தந்தை எண்ணில் விழும். சிவப்புப் பாண்டா ஆண்டுக்கு ஒரு பருவம்தான் சேரும், சனவரி முதல் மார்ச் வரை. பெண் இணங்குவது ஏறக்குறைய ஒரே நாள். சேரவில்லையே என்று பருவத்தின் நடுவில் ஆணை மாற்றினால் வம்பு. கருக்காலம் 112 நாளும் இருக்கலாம், 158 நாளும் இருக்கலாம். கரு உடனே கருப்பையில் ஒட்டாமல் காத்திருப்பதால் இந்த இடைவெளி. எனவே குட்டி பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தந்தையைக் கண்டுபிடிக்க முடியாது. மரபணுச் சோதனை செய்யாவிட்டால் ‘தந்தை தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும். பிறகு அந்தக் குட்டியின் வழியில் வரும் எல்லாவற்றுக்கும் உறவுக் கணக்கு அரைகுறைதான். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டியின் உட்கலப்பு அளவு (பெற்றோர் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைக் காட்டும் எண்) 0.25. தந்தை இன்னதென்று தெரியாதபோது அதே இணையைக் கணினி தாய்வழியில் மட்டும் உடன்பிறந்ததாகக் கொண்டு 0.125 என்று குறைத்துக் காட்டக்கூடும்.

ஆக, இது யார் வயிற்றில் யார் பிறந்தார் என்ற ஏடு. தமிழில் அதற்குக் ‘கொடிவழி’ இருக்கிறதே. கொடிவழிப் பதிவேடு என்கிறேன்.

———

> கொடிவழிப் பதிவேடு என்கிறேன்.

வம்சாவளி எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை விட்டுவிட்டுக் கொடிவழிக்குப் போக வேண்டுமா? ‘கொடி’ என்றதும் கொடிக்கம்பத்தை நினைப்பார்கள்.

———

நினைக்கட்டும், இரண்டாம் வரியில் தெளிந்துவிடும். வம்சாவளி என்றால் அரச குலம், குடும்பப் பெருமை என்ற வாடை வருகிறது. அதுவும் பெரும்பாலும் தந்தை வழியாகவே இறங்கும் பட்டியல். இந்த ஏட்டில் தாயும் தந்தையும் சரிபாதி. கொடி எந்தப் பக்கமும் படரும். இன்னொரு வசதியும் உண்டு: அடுத்து வரப்போகும் ‘ஃபவுண்டர்’ என்ற சொல்லுக்கு இதிலிருந்தே வழி கிடைக்கும். காட்டிலிருந்து வந்து, கூட்டத்தில் இருப்பவற்றோடு உறவு ஏதும் அறியப்படாமல், கொடியைத் தொடங்கி வைக்கும் விலங்கு அது. ‘நிறுவனர்’ என்று போட்டால் பனிச்சிறுத்தை அறக்கட்டளை ஆரம்பித்தது போல ஆகும். ‘மூலவர்’ என்றால் கர்ப்பக்கிருகத்துக்குள் போய்விடுவோம். கொடிக்கு வேர்தானே, ‘வேருயிர்’ எனலாம். டிராகோபான் கோழிக்கும் இமாலய ஓநாய்க்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

———

வேருயிர் சரி. ஒரு நுணுக்கத்தையும் சேர்க்க வேண்டும். காட்டிலிருந்து வந்த எல்லாம் வேருயிர் ஆகாது. வழித்தோன்றல் உயிரோடு இருந்தால்தான் கணக்கு. அதுவரை ‘வேர்பிடிக்காத உயிர்’. ஒரு குட்டி மட்டும் ஈன்றால் அதன் மரபணு வகைகளில் பாதி தங்கும், இரண்டு ஈன்றால் சராசரியாக 75 விழுக்காடு, மூன்றுக்கு 87.5. வேருயிருக்கு ஒரு குட்டி போதும் என்று நிறுத்தக் கூடாதது இதனால்தான்.

காட்டில் விடும்போதும் இதே கணக்குத்தான். 2003இல் டார்ஜிலிங் பூங்கா, சுவீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டது. பொதுவாக இப்படி விடுவதற்கு, கூட்டத்தில் உடன்பிறந்தவை நிறைய உள்ள விலங்கைத்தான் எடுக்க வேண்டும். வேர்பிடிக்காத ஒன்றை அனுப்பினால் இங்கே ஒரு வேரே போய்விடும். விட்ட பிறகும் அதன் வரியை அழிப்பதில்லை. இடம் என்ற கட்டத்தில் ‘காடு’ என்று எழுதி, அதற்குப் பின் செய்தி தெரியாவிட்டால் ‘தொடர்பு அற்றது’ என முடிப்பார்கள். ‘இறந்தது’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. இமாலயச் சிவப்புப் பாண்டாவையும் சீனச் சிவப்புப் பாண்டாவையும் ஒரே கொடியில் ஏற்றக் கூடாது. இரண்டும் தனித்தனி இனங்களே என்று 2020இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. கட்டுரையில் ‘சிவப்புப் பாண்டா கொடிவழிப் பதிவேடு’ என்று பொதுவாக எழுதாமல், எது என்று ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட வேண்டும்.

———

எடுத்துக்கொண்டேன். ஸ்டட்புக்: கொடிவழிப் பதிவேடு. அதைப் பராமரிப்பவர்: கொடிவழிப் பதிவாளர். ஃபவுண்டர்: வேருயிர். ‘மீன் கின்ஷிப்’ (mean kinship, மேலே சொன்ன உறவுச் சராசரி): சராசரி உறவளவு. ‘பொலி’யைத் திரும்பப் பெறுகிறேன், கால்நடைப் பண்ணைக் கட்டுரை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சம் ஒன்று: ‘2.3.1’ என்று எழுதும் குறியீடு. இரண்டு ஆண், மூன்று பெண், பால் தெரியாதது ஒன்று. புள்ளிகளை அப்படியே விட்டால் வாசகர் பதிப்பு எண் என்று நினைப்பார். முதல் இடத்தில் மட்டும் விரித்து எழுதி, பிறகு புள்ளிக் குறியீட்டையே வைக்கப் பார்க்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.