சோலாரிஸ்: ரேயா யார், ஹரி யார்?

கடலோடி:
துரத்தலும் வெடிச்சத்தமும் இல்லாத விண்வெளிக் கதை தேடுபவர்களுக்கு, ஸ்தானிஸ்லாவ் லெம் 1961-ல் எழுதிய சோலாரிஸ் நாவலை யோசிக்காமல் பரிந்துரைக்கலாம். கோள் முழுக்கப் பரந்து கிடக்கும் கடல்தான் அதில் வரும் வேற்றுலக உயிர். நூறு வருடத்துக்கு மேல் ஆராய்ந்தும் அதனிடமிருந்து ஒரு பதில் வாங்க முடியவில்லை. அடுத்து, அதை வைத்து இயக்குநர் தார்கோவ்ஸ்கி எடுத்த 1972 படம் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு சந்தேகம்: என் ஆங்கிலப் பதிப்பில் நாயகி பெயர் ரேயா, படத்தில் ஹரி என்கிறார்கள். ஸ்னோ என்பவர் ஸ்னாவுட் ஆகிவிடுகிறார். படத்தில் ஆட்களையே மாற்றிவிட்டார்களா?

பழையபிரதி:
மாற்றியது படம் இல்லை, உங்கள் கையில் இருக்கும் புத்தகம்தான். 1970-ல் வந்த கில்மார்ட்டின், காக்ஸ் மொழிபெயர்ப்பு போலிஷ் மூலத்திலிருந்து வந்ததல்ல, பிரெஞ்சு வழியாக வந்தது. மூலத்தில் நாயகி பெயர் ஹாரே (Harey), படத்தின் ஹரி அதுதான். அதன் ரோமன் எழுத்துகளை இடம் மாற்றினால் ரேயா (Rheya). ஸ்னாவுட்டும் அங்கேதான் ஸ்னோ ஆனார். பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்தே நேராக மொழிபெயர்த்தது 2011-ல் ஒலிநூலாகவும் மின்னூலாகவும் வந்தது. இனிமேல் படிப்பவர்கள் அதையே எடுங்கள்.

இன்னொன்று. 2-ம், 8-ம் அத்தியாயங்களில்தான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கடலைப் பற்றிய ஆய்வு வரலாறு, அதன் மேல் எழும் உருவங்களின் வர்ணனை என்று பக்கம் பக்கமாகப் போகும். வேகமாகப் புரட்டலாம், தாண்டக் கூடாது. அத்தனை கோட்பாடும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவதுதான் நாவலே.

இருசூரியன்:
படத்தில் அந்த ஆய்வு வரலாறு பெரும்பாலும் கிடையாது. நாவல் எடுத்த எடுப்பில் அந்தக் கோளின் ஆய்வு நிலையத்தில் இறங்கும். படம் முதல் நாற்பது நிமிடத்துக்கு பூமியை விட்டு நகராது. 6-ம் அத்தியாயத்தில் வரும், கடல் மேல் கண்டதைப் பற்றி விமானி பெர்ட்டன் சொல்லும் சாட்சியம் அங்கேயே வந்துவிடும். அப்புறம் நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டே இருக்கும் (தோக்கியோவில் எடுத்தது). இங்கே பொறுமை இழந்தால் படம் போச்சு. நடுநடுவே கறுப்பு வெள்ளை வருவது பிரதியின் கோளாறு இல்லை, படமே அப்படித்தான். நீளம் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். வெட்டிய பிரதியும் உண்டு, நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். இசையமைப்பாளர் அர்தேமியெவின் மின்னணு ஒலிகள் மடிக்கணினி ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாகிவிடும்.

லெம்முக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. தார்கோவ்ஸ்கி என் கதையை விட்டுவிட்டு தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்துவிட்டார் என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: நாவல் கடலைப் பற்றியது, படம் மனசாட்சியைப் பற்றியது. ஆனாலும் நிலையத்து நூலகத்தில் நாயகனும் ஹரியும் எடை இழந்து மிதக்கும் அந்தச் சில விநாடிகளுக்காக எதையும் மன்னிக்கலாம்.

கடலோடி:
நன்றி. 2002-ல் ஒன்று வந்ததே, அதை முதலில் பார்க்கலாமா? ஒன்றரை மணி நேரம்தானே.

பழையபிரதி:
சோடர்பெர்க்கின் படம். காதல் கதையாகக் குறையில்லை, ஆனால் கடல் வெறும் பின்னணி. அதைக் கடைசியில் வையுங்கள்.

இருசூரியன்:
நீளம்தான் பயம் என்றால், தார்கோவ்ஸ்கி படமே இரண்டு பாகம். முதல் பாகம் முடிந்ததும் நிறுத்தி மறுநாள் தொடரலாம். பத்துப் பத்து நிமிடமாக நறுக்கிப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது.