ஷாட்கன் உரிமம்: இரண்டாவது நற்சான்றாளர் கிடைக்கவில்லை

இங்கிலாந்தில் வசிக்கிறேன். களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்காக முதல்முறையாக ஷாட்கன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறேன். துப்பாக்கிப் பெட்டகம், மருத்துவரின் படிவம் எல்லாம் தயார். நற்சான்றாளர், அதாவது என் நன்னடத்தைக்கு உறுதி தருபவர், விஷயத்தில்தான் நிற்கிறேன். முன்பு ஒருவர் போதும். 2025 ஆகஸ்ட் முதல் இருவர் வேண்டும்.

மகளின் வயலின் ஆசிரியை சம்மதித்துவிட்டார். மற்றவர் யார்? அண்ணன் குடும்பத்தினர் என்பதால் கூடாது. நெருங்கிய நண்பர் காவல்துறை அலுவலகத்தில் எழுத்தர். சீருடை அணியாதவர்தான், ஆனாலும் காவல்துறை ஊழியர் என்பதால் ஏற்க மாட்டார்கள். எனக்குச் சுடக் கற்றுத் தந்தவரோ பதிவுபெற்ற துப்பாக்கி வணிகர். என்னை அவ்வளவு நன்றாக அறிந்தவரே தகுதியற்றவர் என்பது வேடிக்கை! பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்து ஓராண்டுதான். இரண்டு ஆண்டுப் பழக்கம் தேவை. கல்லூரித் தோழர்கள் அனைவரும் தமிழ்நாட்டில். நற்சான்றாளர் பிரிட்டனில் வசிக்க வேண்டும்.

மிஞ்சியிருப்பவர் என் மேலாளர். நான்கு ஆண்டுகளாகத் தெரியும், நேர்மையானவர், எழுதித் தரவும் தயார். ஆனால் என் வீட்டுக்கு வந்ததில்லை, குடும்பத்தைப் பார்த்ததுமில்லை. உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். படிவக் குறிப்பையே திருப்பி அனுப்பினார்கள்.

அலுவலகத்தில் மட்டும் பழகிய ஒருவரை நற்சான்றாளராகக் கொடுத்து யாருக்காவது சான்றிதழ் கிடைத்திருக்கிறதா?