கலைச்சொல் வேண்டும்: கட்டட நகர்வை அளக்கும் தானியங்கி டோட்டல் ஸ்டேஷன்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம்.

சுரங்க ரயிலுக்காக ஆழமாகத் தோண்டும் ஓர் இடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு, களப் பணியாளர்களுக்கு ஒரு சிறு கையேடு. இரண்டையும் தமிழில் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டது, கருவியின் பெயரில் நிற்கிறேன்.

அதை எதிர்க்கட்டடத்தின் மாடியிலோ சுவரில் பதித்த இரும்புத் தாங்கியிலோ பொருத்துகிறார்கள். சுற்றியுள்ள சுவர்களில் ஆங்காங்கே, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் சிறு கண்ணாடிப் பட்டகங்களை ஒட்டிவைக்கிறார்கள். கருவி தானே திரும்பி ஒவ்வொரு பட்டகத்தையும் தேடிப் பிடித்து, கிடைக்கோணம், செங்குத்துக் கோணம், தொலைவு மூன்றையும் அளந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இரவு பகல் இதே வேலை. களத்தில் எல்லோரும் ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு ‘மொத்த நிலையம்’ என்று தருகிறது. படிப்பவருக்குப் பேருந்து நிற்கும் இடம்தான் தோன்றும். ‘தானியங்கிக் கண்காணிப்பு அளவி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

தமிழாசிரியர்:

அம்மா, முதலில் இலக்கணம். ‘அளவி’ சரியான ஆக்கமே. அள என்ற பகுதி, வகர உடம்படுமெய், வினைமுதற்பொருள் இகர விகுதி. வள்ளுவர் சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்றாரே, அதே இகரம். ‘தானியங்கி’யும் சரி. தான் என்பது எழுவாயாக நிற்பதால் ‘தன்னியங்கி’ ஆக வேண்டியதில்லை. ‘தன்னியக்க’ என்று எழுதுபவர்களும் உண்டு, அதிலும் பிழை காணமாட்டேன்.

ஆனால் ‘கண்காணிப்பு’ எதற்கு? நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியைப் பாருங்கள். இரண்டு கோல் நட்டு, அவற்றின் நிழலைப் பார்த்து, ஞாயிறு ஒரு பக்கமும் சாயாத நண்பகலில் நூலறி புலவர் நுண்ணிதின் கயிறு இடுகிறார்கள். ‘இருகோல் குறிநிலை’ என்பது அங்கே வரும் தொடர். குறியும் இருக்கிறது, நிலையும் இருக்கிறது. சுவரில் ஒட்டும் பட்டகம் குறி, கருவி நிற்பது நிலை. ‘குறிநிலை அளவி’ என்று வைத்தால் நில அளவைக்கு ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நெடுநல்வாடை ‘ஒருதிறம் சாரா’ என்கிறது. துலாக்கோலைச் சொல்ல வந்த குறள் ‘ஒருபால் கோடாமை’ என்கிறது. அளக்கும் கருவி எங்கே வந்தாலும் சாயாமை என்ற பண்பைத்தான் நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். கட்டடத்தின் சாய்வுக்குக் ‘கோட்டம்’ என்றே சொல்லலாம். கோடு, கோண், கோணல், கோட்டம் எல்லாம் வளைவுப் பொருளில் ஒரே குடும்பம்.

நில அளவைப் பொறியாளர்:

ஐயா, படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கோட்டம் என்றால் இன்று மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் ஒரு நிர்வாகப் பகுதி. ‘உங்கள் வீட்டில் கோட்டம் ஏற்பட்டுள்ளது’ என்று அறிவிப்பில் எழுத முடியாது.

கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ‘டோட்டல் ஸ்டேஷன்’ 1970களில் ஹியூலெட்-பேக்கர்டு தன் கருவிக்கு வைத்த விற்பனைப் பெயர். அதுவரை பெரும்பாலும் கோணத்துக்குத் தியோடலைட், தொலைவுக்கு வேறொரு மின்னணுக் கருவி என்று தனித்தனியாக இருந்தவை ஒரே பெட்டிக்குள் வந்தன. அதனால்தான் ‘டோட்டல்’. அந்த விற்பனைப் பெயரின் அகராதிப் பொருளைத் தமிழில் காப்பாற்றியே தீரவேண்டும் என்று நமக்குக் கட்டாயம் இல்லை. 1990இல் மோட்டார் பொருத்தி, தானே குறியைப் பின்தொடரும் வகை வந்தது. கட்டடக் கண்காணிப்புக்கு உதவுவது அதன் வழிவந்த கருவிதான்.

‘நிலையம்’ வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறொரு காரணம் உண்டு. இந்த வேலையில் கருவி நிற்கும் இடமே அசையக்கூடும். அது உட்கார்ந்திருக்கும் மாடியும் அதே பள்ளத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அதனால் ஒவ்வொரு சுற்றிலும், தோண்டலின் பாதிப்பு எட்டாத தொலைவில் உள்ள ஒப்புப் பட்டகங்களை முதலில் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்பதை அது கணக்கிட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் சுவரில் உள்ளவற்றை அளக்கிறது.

எவ்வளவு நுணுக்கம் என்றால், கோணத்தில் ஒரு விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) பிசகினால் 100 மீட்டரில் ஏறக்குறைய அரை மி.மீ. பிசகு. காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அதே 100 மீட்டர்த் தொலைவில் 0.1 மி.மீ. போய்விடும். வெயில் ஏறும்போது சுவரே விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஆகவே ஒரு வாசிப்பை மட்டும் வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஏறி இறங்கும் கோட்டுக்கு அடியில் மெதுவாக ஒரு பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது ‘கண்காணிப்பு’. இந்தச் சொல்லைத் தயவுசெய்து அறிவிப்பில் போடாதீர்கள். எதிர்மாடியில் வில்லை வைத்த ஒரு தலை ராத்திரியில் தானாகத் திரும்பித் தன் சன்னல் பக்கம் நிற்பதைப் பார்க்கும் ஒருவர், கீழே ‘கண்காணிப்புக் கருவி’ என்றும் படித்தால் கேமரா என்றே முடிவு செய்வார். பட்டகத்தில் துணியைப் போர்த்திவிட்ட குடியிருப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம் நியாயமானது. படம் எடுக்கும் வகைகளும் சந்தையில் இருக்கின்றன. உங்கள் களத்தில் எந்த வகை என்று கேட்டு அதை அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:

‘மானி’யை ஏன் யாரும் சொல்லவில்லை? வெப்பமானி, காற்றழுத்தமானி என்று பிள்ளைகள் படித்துப் பழகிய வடிவம். அது வடசொல் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ‘மா’ தமிழில் இருபதில் ஒரு பங்கு. அதுவே நில அளவும் கூட, இருபது மா ஒரு வேலி. பின்னத்தின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல் ஆகுமா? காணியும் அப்படித்தான், எண்பதில் ஒன்று, நிலமும் அதுவே. பிரித்து அளப்பதே நமக்கு நிலம். அந்த மா அடியாகவே மானம், மானி. மேலைமொழிகளின் ‘மீட்டர்’ வரை இதே வேர் ஓடுகிறது என்பது என் துணிபு.

ஆகவே ‘கோணத்தொலைமானி’. கோணமும் தொலைவும் அளப்பது. பொறியாளர் தம்பி சொன்ன செயல் அப்படியே பெயரில் இருக்கிறது. கோணம் தமிழே என்பதை ஆசிரியர் ஐயா மேலே நிறுவிவிட்டார். ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்று எழுதிவிட்டுப் போனால் இந்தக் குழுவே தேவையில்லை.

தமிழாசிரியர்:

கோண் தமிழ் என்றேன். மானி வரை என்னை இழுக்க வேண்டாம். அது வடமொழி மானத்தின் வழியே வந்தது என்பதே என் கருத்து. வடசொல்லானால் என்ன, வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தோடு புணர்ந்தால் சொல்லாகும் என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். இந்த விலக்கு வடசொல்லுக்கு மட்டுமா, எல்லா அயற்சொல்லுக்கும் பொருந்துமா என்பது தனி இழையில் பேச வேண்டியது.

தியோடலைட்டையும் நினைத்துப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய பெயர், அதன் வேர் என்னவென்று அவர்களே இன்றுவரை தீர்த்துச் சொல்லவில்லை. இந்தியாவை அளக்கும் பணியைத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் லாம்டனின் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமானது. வேர் தெரியாத பெயரோடுதான் அந்தக் கருவி இந்தியாவை அளந்தது.

கட்டடவியல் ஆசிரியை:

பாலிடெக்னிக்கில் நில அளவை நடத்துகிறேன். ‘கோணத்தொலைமானி’ என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் தொலைமானி என்று ஒன்று ஏற்கெனவே இருப்பதாக நினைத்து, கோணத்தொலைவு என்றால் என்ன என்று கேட்பார்கள். இரண்டு அளவுகள் அடுக்கி நிற்கின்றன என்பது அந்தச் சொல்லில் தெரியவில்லை. ‘குறிநிலை அளவி’ காதுக்கு இனிமை, ஆனால் உரையாசிரியர் துணை வேண்டும்.

என் முன்மொழிவு: அறிவிப்புக்கு ‘நகர்வறி கருவி’. நகர்வை அறியும் கருவி, வினைத்தொகை, படித்தவுடன் புரியும். ‘அசைவு’ வேண்டாம் என்று நினைக்கிறேன். அசைவு என்றால் அதிர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதை அளக்கும் கருவி வேறு. ‘பெயர்ச்சி’ இயற்பியல் பாடத்தில் உண்டு என்றாலும் வெளியே கோள்களுக்குப் போய்விட்டது. ‘நகர்வுநோக்கி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். தொலைநோக்கி போல நல்ல வடிவம்தான். ஆனால் ‘சுவர் நகர்வுநோக்கி நிறுவப்பட்டது’ என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். நோக்கி என்பது வேற்றுமை உருபு மாதிரி ஆகி, எதையோ நோக்கி எதையோ நிறுவியதாகிறது.

நில அளவைப் பொறியாளர்:

‘நகர்வறி கருவி’ அறிவிப்புக்குப் பொருந்தும். ஆனால் கையேட்டில் எனக்கு மறுப்பு உண்டு. கருவி நகர்வை அறிவதில்லை, கோணத்தையும் தொலைவையும்தான் அறிகிறது. நேற்றைய ஆயத்தொலைவையும் இன்றையதையும் கழித்துப் பார்க்கும் மென்பொருள்தான் நகர்வு என்கிறது. அதே கருவியைக் கழற்றி நாளைக்கு ஒரு தூணின் மையத்தைக் குறிக்கப் பயன்படுத்துவோம், அப்போது அதற்கு என்ன பெயர்? கருவிக்கு ஒரு பெயர், அது செய்யும் பணிக்கு ஒரு பெயர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெயரைவிட எனக்குக் கவலை வேறு இரண்டு சொற்களில். கையேட்டின் வரைவை அம்மா அனுப்பியிருந்தார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் ‘நகர்வு இல்லை’ என்று தமிழில் வந்திருக்கிறது. இது ஆபத்து. சாரம் கட்டிப் பார்வையை மறைத்தாலோ, பட்டகத்தில் தூசி படிந்தாலோ, மழை அடித்தாலோ கருவிக்கு எதுவும் கிடைக்காது. அது சுழியம் அல்ல. சுவர் அசையவில்லை என்பதும் சுவரைப் பார்க்கவே முடியவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். ‘வாசிப்பு கிடைக்கவில்லை’ என்று முழுதாக எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

இன்னொன்று, கையேட்டில் நகர்வு எவ்வளவு என்பதைக் காட்டும் மூன்று வண்ணப் படிகள். ‘எச்சரிக்கை அளவு’ என்று போட்டிருக்கிறீர்கள். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். அங்கே கருவிகள் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. வாசிப்பு தாண்டியபோது கணக்கைத் திருப்பிப் போட்டு அந்த எல்லை மதிப்பையே உயர்த்தியதை விசாரணை பதிவு செய்திருக்கிறது. ‘அளவு’ என்றால் மாற்றலாம் என்று தோன்றுகிறது. ‘வரம்பு’ என்று எழுதினால் கைவைக்கத் தயங்குவார்கள் என்று நம்புகிறேன்.

கட்டடவியல் ஆசிரியை:

‘வரம்பு’க்கு என் முழு ஆதரவு. அப்புறம், ‘அமிழ்வு’ என்று எங்காவது இருந்தால் மாற்றிவிடுங்கள் அம்மா. பாடநூலில் சரி, குடியிருப்பவர் அதைப் படித்தால் கட்டடம் மூழ்குகிறது என்று நினைத்துவிடுவார். கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை ‘அஸ்திவாரம் இறங்கியிருக்கு’ என்றுதான் பேசுகிறார்கள். ‘இறக்கம்’ போதும்.

தனித்தமிழ் அன்பர்:

அஸ்திவாரம் என்று இங்கே எழுதுவதை ஏற்க முடியாது. கடைக்கால் என்ற சொல் இருக்கிறது.

கட்டடவியல் ஆசிரியை:

மக்கள் சொல்வதை மேற்கோளாகத்தான் தந்தேன். அறிவிப்பில் ‘அடித்தளம்’ என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்பியாக வேண்டும், ஆகவே இப்படி வைத்திருக்கிறேன்.

அறிவிப்பில் ‘நகர்வறி கருவி’. முதல் முறை வரும்போது அடுத்த வரியிலேயே, ‘இது சுவரில் உள்ள பட்டகங்களின் இடத்தை மட்டும் அளக்கிறது, ஆட்களைப் படம் எடுப்பதில்லை’ என்று சேர்த்திருக்கிறேன். இந்தக் களத்துக் கருவியில் படம் எடுக்கும் வசதி இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன். கையேட்டில் ‘தானியங்கி டோட்டல் ஸ்டேஷன்’, பணியாளர்கள் கையில் எடுக்கும் பெட்டியில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ‘வரம்பு’, ‘இறக்கம்’, ‘வாசிப்பு கிடைக்கவில்லை’ மூன்றும் அப்படியே. ‘கண்காணிப்பு’ குடியிருப்பாளர் கண்ணில் படும் எந்தத் தாளிலும் இல்லை.

தமிழாசிரியர்:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். பட்டகத்துக்கு மட்டுமாவது ‘குறி’ என்ற சொல்லைச் சேர்க்க இடம் உண்டா? ‘குறிப்பட்டகம்’ என்றால் புரியாமல் போகாது.

மொழிபெயர்ப்பாளர்:

சேர்த்துவிட்டேன் ஐயா. ஒப்புப் பட்டகம், குறிப்பட்டகம் என்று இரண்டும் பிரிந்து நிற்க உதவுகிறது.

தனித்தமிழ் அன்பர்:

கையேட்டில் ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்று இருப்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அந்தக் கையேட்டைப் படித்துப் பழகும் பணியாளர் நாளை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்றே சொல்வார், பெட்டியில் எழுதியிருக்கிறது என்பது அப்போது காரணமாக இருக்காது. கோணத்தொலைமானியில் அடுக்கு தெரியவில்லை என்றால் ‘கோண தொலைவுமானி’ என்று பிரித்து எழுதலாம். அடுத்த பதிப்புக்காவது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நில அளவைப் பொறியாளர்:

பிரித்து எழுதினால் இடையில் ‘த்’ மிகுமா என்று ஆசிரியர் ஐயா சொல்ல வேண்டும். கையேடு அச்சுக்குப் போவதற்கு முன் அட்டவணைப் பக்கத்தை மட்டும் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள் அம்மா. வெறுமையான கட்டங்களைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.